காயில் கட்டும் கணக்கு
செஞ்சி வட்டாரக் கிணற்று மோட்டாரை முன்வைத்து ஒரு விளக்கம்

கோட்டையும் கிணறும்

செஞ்சி என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது கோட்டைதான். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒன்றாய் வளைத்து நிற்கும் மதில், ஏறத்தாழ 800 அடி உயரத்தில் வீற்றிருக்கும் இராசகிரி உச்சி, தேசிங்கு ராசனையும், கதைப்பாடல் மோவுத்துக்காரன் என்றழைக்கும் அவனுடைய இசுலாமியத் தோழனையும் இன்றளவும் பேசும் மக்கள் நா ஆகியவற்றை நாம் அனைவரும் அறிவோம். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த மராட்டியர் காலப் போர்க்கோட்டைகளின் தொகுதியில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற கோட்டையும் செஞ்சியே. இவை யாவும் பெருமைக்குரியன.

எனினும், கோட்டையிலிருந்து கீழிறங்கி, திண்டிவனம் சாலையிலோ திருவண்ணாமலைச் சாலையிலோ சிறிது தொலைவு நடந்தால் வேறொரு செஞ்சியைக் காணலாம். நெல்லும் மணிலாவும் விளையும் வயல்கள், அவற்றின் நடுவே கிணறுகள், கிணற்றருகே சிறு அறை, அவ்வறையினுள் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார். ஏற்றமும் கவலையும் இறைத்த நீரை இன்று அந்த மோட்டாரே இறைக்கிறது. மாடுகளும் ஆட்களும் முறைமாற்றி உழைத்த உழைப்பைக் கைப்பிடியளவு செம்புக் கம்பிச் சுருள்கள் செய்து முடிக்கின்றன.

அந்தச் சுருள் எரிந்துபோனால் என்ன நேரும்? கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் நான்கு நாள் நீர் நின்றால் ஒரு போகத்தின் உழைப்பு வீணாகும். வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படும் மாநிலம் நம்முடையது. ஆனால் எரிந்த மோட்டாரைச் சரிசெய்வதற்கு அத்தகைய சலுகை இல்லை. உழவர் மோட்டாரைக் கழற்றி வண்டியிலேற்றிக் கடைக்குக் கொண்டு வருகிறார். கடைக்காரர் அதனைப் பிரித்துப் பார்த்து, 'காயில் போய்விட்டது, புதிதாய்க் கட்டவேண்டும்' என்கிறார். இவ்வாறு 'காயில் கட்டுதல்' என்று நம் மக்கள் பெயரிட்டழைக்கும் தொழிலின் உள்ளே எத்தகைய கணக்கு ஒளிந்துள்ளது என்பதைத் தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் மோட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடையை இறுதியில் காண்போம்.

சுருளின் பிறப்பு

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுகிறது என்பதை டென்மார்க் நாட்டு அறிஞர் ஆர்ஸ்டெட் 1820இல் கண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் வளைந்த இரும்புத் துண்டொன்றின்மேல் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்து காட்டினார். அவர் இரும்பின் மீது வார்னிஷ் பூசினார். கம்பியையோ மூடாமல் விட்டார். ஆகவே ஒரு சுற்று மற்றொரு சுற்றைத் தொடாதவாறு இடைவெளி விட்டே சுற்ற வேண்டியிருந்தது. சுற்றுகள் சிலவே, ஆற்றலும் சிறிதே.

அமெரிக்காவில் ஆல்பனி நகரின் கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி இக்குறையைக் களைந்தார். இரும்புக்கு உறை போடுவதை விட்டுக் கம்பிக்கே பட்டு உறை போர்த்தினார். அதனால் சுற்றின்மேல் சுற்றாக, அடுக்கின்மேல் அடுக்காக நெருக்கிக் கட்ட முடிந்தது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்தளித்த மின்காந்தம் 2,000 பவுண்டுக்கும் மிகுந்த எடையைத் தாங்கியது.

ஹென்றி கண்ட மற்றோர் உண்மை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மின்கலங்கள் பலவற்றை வரிசையாய் இணைத்த மூலத்திற்கு நீண்ட ஒரே கம்பியாலான சுருள் பொருந்துகிறது. ஒற்றை மின்கலத்திற்கோ குறுகிய கம்பிகள் பல பக்கம்பக்கமாய் இணைந்த சுருள் பொருந்துகிறது. அதாவது, 'நல்ல சுருள்' எனத் தனியே ஒன்று இல்லை. தனக்குக் கிடைக்கும் மின்சாரத்திற்குப் பொருந்திய சுருளே நல்ல சுருள். காயில் கட்டும் கலை முழுவதற்கும் இதுவே முதல் நூற்பா எனலாம்.

சுழலாமல் சுழலும் காந்தம்

கிணற்று மோட்டாரில் இரு பகுதிகள் உள்ளன. அசையாது நிற்கும் வெளிப்பகுதியை நிலையி என்றும், உள்ளே சுழலும் பகுதியைச் சுழலி என்றும் பாடநூல்கள் வழங்கும். கடைத்தெருவில் அவை ஸ்டேட்டர், ரோட்டார் எனப்படும். மெல்லிய சிலிக்கன் எஃகுத் தகடுகள் பலவற்றை அடுக்கி நிலையி செய்யப்படுகிறது. அதன் உட்புறத்தில் வரிசையாகக் காடிகள் வெட்டப்பட்டுள்ளன. ஸ்லாட் எனப்படும் அக்காடிகளிலேதான் செம்புச் சுருள்கள் அமர்கின்றன. சுழலிக்கோ வெளியிலிருந்து மின்கம்பி எதுவும் செல்வதில்லை.

கம்பியே செல்லாத சுழலி சுழல்வது எவ்வாறு? ஊர்த் திருவிழாவிலும் கந்தூரியிலும் கட்டப்படும் தொடர்விளக்குகளை நினைத்துப் பார்ப்போம். எந்த விளக்கும் இடம்பெயர்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைவதால் ஒளி ஓடுவதாக நம் கண் காண்கிறது. மும்முனை மின்சாரம் நிலையியில் செய்வதும் இத்தகையதே. மூன்று முனைகளின் மின்னோட்டங்களும் ஒரே நேரத்தில் உச்சமடைவதில்லை. ஒன்று உச்சமடைந்து சற்றுப் பின்னர் மற்றொன்று, அதன்பின் மூன்றாவது என முறைவைத்து உச்சமடைகின்றன. மூன்று தொகுதிச் சுருள்களையும் அதே இடைவெளியில் நிலையியைச் சுற்றி அமைத்துவிட்டால், சுருள்கள் அசையாதிருக்க அவற்றின் கூட்டுக் காந்தப்புலம் மட்டும் வட்டமாய்ச் சுழலும். விளக்கில் ஓடுவது கண்ணுக்குத் தோன்றும் ஒளி மட்டுமே. இங்கே சுழலும் காந்தப்புலமோ மெய்யானது. அது சுழலியின் உலோகக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டித் தன்னோடு அதனையும் இழுத்துச் செல்கிறது.

இத்தாலியின் கலிலியோ பெர்ராரிசும், அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலா டெஸ்லாவும் இக்கருத்தை 1888ஆம் ஆண்டில் தனித்தனியே உலகுக்கு அறிவித்தனர். 1889இல் டொலிவோ டோப்ரோவொல்ஸ்கி என்பார் கூண்டு வடிவச் சுழலியுடன் மும்முனை மோட்டாரை உருவாக்கினார். இன்று நம் கிணற்றடியில் ஓடுவது அதன் வழித்தோன்றலே. தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று. அந்நகரம் மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பெயர்பெற்ற வரலாற்றின் தொடக்கம் அதுவாகும்.

காடிக் கணக்கு

இனி, எடுத்துக்காட்டாக 36 காடிகளும் 4 துருவங்களும் கொண்ட 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். சுழலி அதற்குச் சற்றுப் பின்தங்கி ஏறத்தாழ 1,440 முறை சுழலும். துருவம் இரண்டே எனில் காந்தப்புலத்தின் வேகம் 3,000 ஆகும். எனவே வேகத்தை முடிவு செய்வது மோட்டாரின் உருவம் அன்று. சுருள் எத்தனை துருவங்களை உண்டாக்குமாறு கட்டப்பட்டுள்ளது என்பதேயாகும்.

36 காடிகளை 4 துருவங்களுக்குப் பகிர்ந்தால் துருவத்திற்கு 9 காடிகள். அவற்றை மூன்று முனைகளுக்குப் பகிர்ந்தால் முனைக்கு 3 காடிகள். ஒரு துருவத்தின் அகலம் மின்கணக்கில் 180 பாகை. அது 9 காடிகளில் பரவியிருப்பதால் ஒரு காடிக்கு 20 பாகை. மூன்று முனைகளுக்கும் இடையே 120 பாகை இருத்தல் வேண்டும். 120ஐ 20ஆல் வகுக்க 6. ஆகவே முதல் முனை முதற்காடியில் தொடங்கினால், இரண்டாம் முனை ஏழாம் காடியிலும், மூன்றாம் முனை பதின்மூன்றாம் காடியிலும் தொடங்கவேண்டும். இதில் ஒரு காடி பிசகினும் மூன்று முனைகளின் நடை சீர்கெடும். மோட்டார் உறுமும், சூடேறும்.

அடுத்தது சுருளின் வீச்சு. ஒரு சுருளின் ஒரு கை வட துருவத்தின்கீழ் இருந்தால் மறுகை தென் துருவத்தின்கீழ் இருக்கவேண்டும். அப்போதுதான் இரு கைகளின் பயனும் கூடும். நாம் எடுத்துக்கொண்ட மோட்டாரில், 3ஆம் காடிக்கும் 10ஆம் காடிக்கும் ஒரு சுருள், 2க்கும் 11க்கும் ஒரு சுருள், 1க்கும் 12க்கும் ஒரு சுருள் என ஒன்றனுள் ஒன்றாக மூன்று சுருள்கள் ஒரு குழுவாகும். இத்தகைய குழுக்கள் ஒரு முனைக்கு இரண்டு. ஆக முனைக்கு 6 சுருள்கள். மூன்று முனைக்கும் 18 சுருள்கள்.

மூன்று காடிகளில் பரவியிருப்பதால் அச்சுருள்களின் மின்னழுத்தங்கள் ஒரே கணத்தில் உச்சமடையாமல் சற்று முன்பின்னாக நிற்கின்றன. ஆதலின் கூட்டுத்தொகை முழுமையாகக் கிட்டுவதில்லை. 100க்கு 96 பங்கே கிட்டும். இந்த 0.96 என்பதே பரவற் காரணி. நான்கு பங்கை இழந்தாலும் காந்தப்புலத்தின் வடிவம் சீரான அலையாக அமைவதால் இழப்பினும் ஊதியமே மிகுதி.

சுற்றும் கம்பியும்

இனித் தலையாய வினா: ஒரு சுருளுக்கு எத்தனை சுற்று? சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் நான்கு அளவுகளைப் பொறுத்தது. 4.44 என்னும் எண், மின்சாரத்தின் அலைவெண், ஒரு துருவத்தின் காந்தப் பாயம், ஒரு முனையின் மொத்தச் சுற்றுகள், மேற்கூறிய காரணி ஆகிய அனைத்தையும் பெருக்கினால் அம்மின்னழுத்தம் வரும். 4.44 என்பது வானத்திலிருந்து வந்ததன்று. பையின் இருமடங்கை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைப்பதே.

நம் மோட்டாரின் உள்விட்டம் 120 மில்லிமீட்டர், தகடடுக்கின் நீளமும் 120 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். உள்வட்டச் சுற்றளவை நான்காகப் பகுத்து நீளத்தால் பெருக்கினால் ஒரு துருவத்தின் பரப்பு ஏறத்தாழ 0.0113 சதுர மீட்டர். சராசரிக் காந்த அடர்த்தி 0.45 டெஸ்லா எனில் துருவத்திற்குக் கிடைக்கும் காந்தப் பாயம் 0.0051 வெபர். டெல்டா இணைப்பில் முனையொன்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 415 வோல்ட். இவற்றைக் கணக்கில் இட்டால் முனைக்கு ஏறத்தாழ 382 சுற்றுகள் வரும். 6 சுருள்களுக்குப் பகிர்ந்தால் சுருளுக்கு 64 சுற்றுகள்.

கம்பியின் பருமன் அடுத்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். டெல்டா இணைப்பில் சுருள் வழியே செல்வது அதனை 1.732ஆல் வகுத்த 4.3 ஆம்பியர். சதுர மில்லிமீட்டருக்கு 4 ஆம்பியர் எனக் கொண்டால் 1.08 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள கம்பி வேண்டும். தடித்த ஒற்றைக் கம்பி காடியில் வளைந்து அமராது. அதன் எனாமல் பூச்சும் உரசிக் கெடும். ஆகவே 21ஆம் கேஜ் கம்பி இரண்டைச் சேர்த்துச் சுற்றினால் 1.04 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும், அது போதுமானது. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். 21க்கு மாற்றாக 22ஆம் கேஜ் கம்பியை இட்டுவிட்டால் மின்தடையும், அதே மின்னோட்டத்தில் பிறக்கும் வெப்பமும் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிடும். மாறியது ஓர் எண்ணே. குறைவது மோட்டாரின் ஆயுள்.

சுற்றும் கம்பியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன. காடியின் இடமோ மாறாதது. சுற்றுகள் கூடினால் கம்பி மெலிய வேண்டும். கம்பி தடித்தால் சுற்றுகள் குறைய வேண்டும். வெண்பாவில் சீரையும் தளையையும் அடியையும் விட்டுக்கொடுக்காமல் பொருளை அமைக்கும் புலவனின் நிலையே காயில் கட்டுவோரின் நிலையும்.

இச்சமன்பாடு குலைந்தால் நேர்வது யாது? 64 சுற்று இருக்கவேண்டிய இடத்தில் வேலை எளிதாகட்டும் என 58 சுற்று இட்டால், காந்தப் பாயம் பத்து விழுக்காடு உயரும். நிலையியின் இரும்புப் பற்கள் முன்பே தெவிட்டும் நிலைக்கு அருகில் இருப்பவை. ஆகவே அந்தப் பத்து விழுக்காட்டைப் பெற மின்னோட்டம் அதனினும் பன்மடங்கு கூடுகிறது. நீர் இறைக்காமல் வெறுமனே ஓடும்போதே மோட்டார் கொதிக்கிறது. மறுதலையாக 70 சுற்று இட்டால் காந்தப் பாயம் தளரும். தொடக்கத்தில் கிடைக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். மோட்டார் குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மின்னழுத்தம் குறைந்த வேளையில் பம்பைத் தூக்க இயலாமல் திணறும்.

ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் இக்கணக்கே பொருந்தும். செஞ்சி போன்ற பாறை நிலத்தில் திறந்த கிணறு வற்றியபின் உழவர் நாடுவது அதனையே. குழாயின் குறுகிய விட்டத்துக்குள் அடங்கவேண்டியிருப்பதால் அதன் உடல் மெலிந்து நீண்டிருக்கும்; விட்டத்தில் இழந்த பரப்பை நீளத்தில் ஈடுசெய்ய வேண்டும். உள்ளே நீர் நிரப்பி ஓடும் வகையில் எனாமல் கம்பி பயன்படாது. பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்பியே வேண்டும். அவ்வுறை காடியில் இடம் பிடிப்பதால் செம்புக்குரிய இடம் மேலும் சுருங்கும். ஆதலின் அதனைக் கட்டுதல் இன்னும் கடினமான யாப்பு.

கட்டும் முறை

கைதேர்ந்த தொழிலாளர் எரிந்த சுருளை உடனே வெட்டி எறிவதில்லை. முதலில் அதனிடமிருந்து செய்தி சேகரிக்கிறார். காடிகள் எத்தனை, சுருள் எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குச் செல்கிறது, ஒரு சுருளில் சுற்று எத்தனை, கம்பி எத்தனை இழை, எந்தக் கேஜ், இணைப்பு ஸ்டாரா டெல்டாவா என்பனவற்றை எண்ணியும் அளந்தும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். அதன்பின்னரே பழைய சுருளை அகற்றுகிறார். விரைவு கருதி நிலையியைத் தீயிலிட்டுக் கொளுத்துவோரும் உண்டு. கடுந்தீ எஃகுத் தகடுகளுக்கு இடையேயுள்ள மெல்லிய காப்புப் பூச்சை எரித்துவிடும். பின்னர்த் தகட்டுக்குத் தகடு சுழல்மின்னோட்டம் பாய்ந்து இரும்பே சூடேறும். எத்துணைச் செம்மையாகச் சுருள் கட்டினும் இக்குறை தீராது.

காடிகளைத் துப்புரவு செய்து காப்புத் தாள் இட்டு, அளவுச் சட்டத்தில் சுற்றிய சுருள்களின் கம்பிகளைச் சிறிது சிறிதாகக் காடிக்குள் இறக்குவர். மேலே மூங்கில் குச்சியால் ஆப்பு வைத்து, முனைகளுக்கு இடையே தாள் செருகி, இணைப்புகளுக்கு உறைக்குழல் மாட்டி, தலைப்பகுதியை நாடாவால் இறுகக் கட்டுவர். பின்னர் வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் உலர்த்துவர். வார்னிஷ் அழகுக்காகப் பூசப்படுவதன்று. அது கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து அதிர்வைத் தடுக்கிறது; ஈரத்தை விலக்குகிறது; வெப்பத்தை இரும்புக்குக் கடத்துகிறது. உலர்ந்தபின் மெக்கர் கருவியால் காப்பின் வலிமையைச் சோதித்து, வெறுமனே ஓடவிட்டு மூன்று முனைகளிலும் ஒத்த மின்னோட்டம் செல்கிறதா என்று பார்ப்பர். ஒரு குழுவின் தலையும் வாலும் மாறி இணைந்திருந்தால் அந்த நொடியிலேயே மோட்டார் முனகிக் காட்டிக்கொடுக்கும்.

எரிந்த சுருளை வாசித்தல்

சிதைந்த ஓலைச்சுவடியைப் பார்த்து, இது செல்லரித்தது, இது நீர்பட்டது, இது ஏடெழுதியவர் பிழை என்று பதிப்பாசிரியர் பிரித்தறிவதை நாம் அறிவோம். எரிந்த சுருளும் அவ்வாறே வாசிக்கத் தக்கது. மூன்று முனைகளின் சுருள்களும் ஒரே சீராகக் கருகியிருந்தால், மிகுசுமையோ குறைந்த மின்னழுத்தமோ காரணம். ஸ்டார் இணைப்பில் இரண்டு முனைகள் கருகி ஒன்று மட்டும் பளபளப்பாக இருந்தாலும், டெல்டா இணைப்பில் ஒரு முனை மட்டும் கருகி இரண்டு பிழைத்திருந்தாலும், மின்கம்பி ஒன்றில் மின்சாரம் அற்ற நிலையில் மோட்டார் ஓடியிருக்கிறது என்பது பொருள். ஓரிடத்தில் மட்டும் உருகித் துளைபட்டிருந்தால் சுற்றுக்குச் சுற்று காப்பு உடைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

குறைந்த மின்னழுத்தத்தின் தீமையைப் பலர் உணர்வதில்லை. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில், மின்கம்பியின் கடைக்கோடிக் கிணற்றுக்கு 330 வோல்ட் வந்தால், கிடைக்கும் விசை 63 விழுக்காடே. நீரின் சுமையோ குறைவதில்லை. ஆகவே மோட்டார் மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது, சுருள் சூடேறுகிறது. காப்புப் பொருள் தாங்கும் வெப்பத்திற்கு வரம்புண்டு. பி வகுப்புக் காப்புக்கு 130 பாகை செல்சியசும், எஃப் வகுப்புக்கு 155 பாகையும் எல்லை. அவ்வரம்பை மீறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொது விதி. இரண்டு முனை மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் மாட்டி மோட்டாரை ஓட்டும் வழக்கமும் ஊர்ப்புறங்களில் உண்டு. அதனால் மூன்று சுருள் தொகுதிகளிலும் ஒவ்வாத மின்னோட்டம் பாய்ந்து ஒன்று மற்றவற்றினும் மிகச் சூடாகிறது. பயிர் வாடும்போது உழவர் வேறென் செய்வார் என்பதும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதே.

ஆகவே காயில் கட்டியபின், எரிந்ததன் காரணத்தையும் களையாவிட்டால் புதுச் சுருளும் அதே வழியிற் செல்லும். மிகுசுமைக் காப்பின் அளவை மோட்டாரின் பெயர்த்தகட்டில் கண்ட ஆம்பியருக்கு ஏற்பத் திருப்பி வைத்தல், ஒரு முனை அற்றவுடன் மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பொருத்துதல், மின்னழுத்தம் தாழ்ந்த வேளையில் ஓட்டாதிருத்தல் ஆகிய மூன்றும் எளிய செயல்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒருமுறை காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கது.

ஏட்டில் ஏறவேண்டிய கல்வி

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். இத்துணைக் கணக்கும் நம் ஊர்க் கடைகளில் எங்கே இருக்கிறது? தொழிலாளரின் விரல்களிலும், எண்ணெய் படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்நோட்டில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி. அந்த வரியில் காடி, சுற்று, கேஜ், இணைப்பு. கடை மூடப்பட்டாலோ, தொழில் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது நின்றாலோ அந்நோட்டு பழைய தாள் விலைக்குப் போகும். முன்னரே எவரோ தவறாகக் கட்டிய மோட்டார் ஒன்று கைக்கு வந்தால், பார்த்து எழுதுவதற்குச் சரியான மூலம் இராது. அப்போது கணக்கு அறிந்தவரே அதனை மீட்க இயலும். பார்த்துக் கட்டும் பழக்கம் மட்டும் இருந்து, கணக்கைத் தம் மொழியில் கற்கும் வாய்ப்பு இல்லையேல், பிழை மோட்டாருக்கு மோட்டார் படியெடுக்கப்படும். அதன் விலையைக் கொடுப்பவர் உழவரே.

நீர் இறைக்கும் பொறிகளின் கல்வியை ஏட்டில் ஏற்றிய பெருமைக்குரிய முன்னோர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்வது பொருத்தம். துருக்கி நாட்டின் இன்றைய தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துக்கிய மன்னரின் அவையில் பணியாற்றிய அல் ஜசரி, 1206இல் நிறைவுசெய்த தம் நூலில் நீர் இறைக்கும் பொறிகள் ஐந்தைப் படத்துடனும் அளவுடனும் விளக்கினார். தாம் செய்ததைப் பிறரும் செய்யுமாறு எழுதியதே அவருடைய சிறப்பு. கைத்தொழிலாளரின் அறிவு நூலாகத் தகுதியுடையது என்பதை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர் மெய்ப்பித்தார்.

தமிழில் இப்பணிக்கு வழிகாட்டியோரும் உளர். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, அறிவியல் கலைச்சொற்களைத் தொகுப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர நமக்குக் கடைத்தெரு ஒரு நல்ல பள்ளிக்கூடம். காடி, சுற்று, வீச்சு, ஆப்பு, நாடா என நம் மொழியில் ஆயத்தமாக உள்ள சொற்கள் பல. காயில், கேஜ், ஸ்டார், டெல்டா என மக்கள் ஏற்றுக்கொண்ட சொற்களும் பல. இவ்விரண்டையும் அருவருப்பின்றி அருகருகே வைத்து எழுதினால் தெளிந்த தொழில்நூல் தமிழில் உருவாகும். தனித்தமிழா பிறமொழிச் சொல்லா என்னும் வழக்கு அந்நூலைத் தாமதப்படுத்தக் கூடாது.

எனவே தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு களப்பணியை முன்மொழிகின்றோம். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள காயில் கட்டும் கடை ஒன்றில் ஒரு நாள் அமர்ந்து, அங்கு வழங்கும் சொற்களைப் பொருளுடன் தொகுத்து வருக. உரிமையாளரின் இசைவு பெற்று அவருடைய நோட்டுப் புத்தகத்தின் வரிகளைப் படியெடுத்து வருக. இயற்பியல் துறையினர் கணக்கைச் சரிபார்க்க, தமிழ்த்துறையினர் மொழியைச் செப்பம் செய்ய, ஒரு சிறு கையேடு உருவாகட்டும். ஊர்ப் பெரியோர் அதனை அச்சிட்டுக் கடைதோறும் வழங்கத் துணைநிற்பார்களாக. கட்டி முடித்த ஒவ்வொரு மோட்டாரின் இணைப்புப் பெட்டி மூடியின் உட்புறத்தில் சுற்றும் கேஜும் தேதியும் எழுதிய ஒரு சிறு தாளை ஒட்டும் வழக்கமும் அக்கையேட்டின் வழியே பரவட்டும். அடுத்து அந்த மோட்டாரைத் திறப்பவருக்கு அதுவே மூலச்சுவடி ஆகும்.